லீக்ஸ் விதை ஒரு வீட்டால ஏலாத வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட வீட்டுத்தோட்டப் பக்கத்தில லீக்ஸ் எண்ட வெங்காயக் குடும்பத்து மரக்கறியை வளர்க்கிறதைப் பற்றி வந்த கட்டுரையை வாசிச்சிட்டுத்தான் இதை எழுதுறன். இஞ்ச இங்கிலாந்தில எங்கட ஆக்கள் வீட்டுத்தோட்டம் எண்டு தொடங்கினா யன்னல் கரையில மிளகாய்க்கண்டு, கத்தரிக்கண்டு, கோடையில ஒரு பூசணிக்கொடி, அவ்வளவுதான், முருங்கையைப் பொட்டில வச்சுக் குளிர் தொடங்க வீட்டுக்குள்ள தூக்கிக்கொண்டு ஓடுற சனமும் இருக்கு, அதுக்குள்ள இந்த நாட்டுக் குளிரைத் தாங்கி மார்கழியிலயும் வளவில பச்சையா நிக்கிற ஒரு மரக்கறியைப் பற்றி எழுதினது உண்மையா நல்ல விஷயம். மண்ணைக் கொத்தி எரு போடுறது பற்றிச் சொன்னதிலயும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனா ரெண்டு இடம் இடிக்குது. ஒண்டு, விதை எந்தப் பக்கெற் எண்டாலும் ஒண்டுதான், எஃப்1 (ரெண்டு வேற தாய் தேப்பனைக் கலந்து செய்த கலப்பு விதை) எண்டு போட்டிருக்கிறதை வாங்கினா நல்லம் எண்டு எழுதியிருக்கு. மற்றது கடைசிப் பந்தியில, நல்லா வந்த ஒரு லீக்ஸைப் பிடுங்காமல் பூக்கவிட்டு விதை எடுத்து வச்சா அடுத்த முறை விதைக்காசு மிச்சம் எண்டு ஒரு வரி. இந்த ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தவும் பொருந்தாது, தனித்தனியப் பாத்தாலும் சரியில்லை. லீக்ஸ் தெரிஞ்ச ஆராவது பதில் எழுதுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன், ஒருத்தரும் எழுதேல்லை, அதால நான் எழுதுறன். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டாமல் போடப் பாருங்கோ.

எங்களுக்கு லீக்ஸ் புதுச் சாமான் இல்லை. ஊரில சந்தைக்குக் கரட், கோவா, பீட்ரூட்டோட சேந்து மலைநாட்டு மரக்கறி எண்டு லொறியில வந்து இறங்கினதுதான். நுவரெலியா 6,000 அடிக்கு மேல இருக்கு, 1840களின்ர கடைசியில சாமுவேல் பேக்கர் எண்ட வெள்ளைக்காரர் அங்க இங்கிலாந்து மாதிரியே ஒரு பண்ணையும் குடியிருப்பும் போடப் பாத்தவர், அந்தக் காலத்தில இருந்தே இங்கிலீஸ் மரக்கறி எண்டா நுவரெலியா எண்டு ஆகிப்போச்சு, இண்டைக்கும் கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் போனா பாத்தி பாத்தியா லீக்ஸ் நிக்கும், அதை நட்டுக் களை பிடுங்கிக் கட்டுக் கட்டி அனுப்புறதில மலையகச் சனத்தின்ர உழைப்பு எவ்வளவு எண்டு நான் சொல்லத் தேவையில்லை. லீக்ஸ் போடாமல் ஒருத்தர் கொத்துரொட்டி போட்டா எங்கட பிள்ளையளே கண்டுபிடிச்சிடும்.

இப்ப விஷயத்துக்கு வாறன். நாங்கள் லீக்ஸில சமைக்கிறது எந்தப் பகுதியை? இலையைத்தானே. வறைக்கு அந்தப் பச்சை இலையை மெல்லிசா அரிஞ்சு, பச்சைமிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூ போட்டு வறுக்கிறம், நெத்தலிக் கருவாட்டோட பிரட்டினாலும் பச்சைதான் ருசி. வெள்ளைக்காரர் சூப்புக்கும் பைக்கும் தேடுறது அடியில இருக்கிற வெள்ளைத் தண்டை. இஞ்சத்தைச் சுப்பர்மார்க்கெட்டில லீக்ஸ் வாங்கினா மேல் இலை முழுக்க வெட்டிப்போட்டு வெறும் தண்டா பிளாஸ்டிக்கில சுத்தி இருக்கும். எங்களுக்கு வேண்டியதை வெட்டி எறிஞ்சுபோட்டு மிச்சத்தை விக்கினம். வீட்டில வளர்க்கிறதுக்கு இதைவிட என்ன காரணம் வேணும்?

இந்தக் காரணத்தைப் பிடிச்சுக்கொண்டு விதைப் பக்கெற்றைப் பாருங்கோ, கட்டுரை சொன்னது ஏன் பிழை எண்டு விளங்கும். இப்ப வாற எஃப்1 லீக்ஸ் பெரும்பாலும் வியாபாரத் தோட்டக்காரருக்கு எண்டு செய்தது. எல்லாக் கண்டும் ஒரே அளவு, தண்டு நீளம், இலை நிமிர்ந்து ஒடுங்கி நிக்கும், மெஷினால நட்டு மெஷினால பிடுங்கி ஒரே நாளில லொறி ஏத்த வசதி. அது அவைக்கு வேணும், நான் குறை சொல்லேல்லை. வீட்டுக்காரருக்கு எல்லாம் ஒரே கிழமையில முத்தினா என்ன செய்யிறது, அயலட்டைக்குக் குடுத்து முடிக்கேலாது. பழைய ரகங்கள் இதுக்கு எதிர்ப்பக்கம். தண்டு கட்டையாவும் மொத்தமாவும் இருக்கும், இலை அகலமா விரிஞ்சு கன பச்சை கிடைக்கும், ஒண்டு புரட்டாதியில தயார், பக்கத்தில நிக்கிறது மாசி வரைக்கும் ஆறுதலாப் பெருக்கும். அதாவது வெள்ளைக்காரச் சந்தைக்கு வேண்டாம் எண்டு ஒதுக்கின குணம் எங்கட சட்டிக்குத் தோதான குணம். இதை ஒருத்தரும் எழுதுறேல்லை.

ரகம் எண்டு பாத்தா முதல்ல மசல்பரோ. ஸ்கொட்லாந்தில எடின்பரோவுக்குக் கிழக்க கடற்கரையில இருக்கிற ஊரின்ர பேர் அது, 1834 அளவில இருந்து இந்தப் பேரில விதை இருக்கு எண்டு சொல்லுவினம், இண்டைக்கும் சாதாரணமா எல்லாக் கார்டின் சென்டரிலயும் கிடைக்கிற மலிவு விதை. பாரம்பரிய விதை எண்ட உடன ஆரோ ஒரு சாமியாரிட்டைப் போய் ரகசியமா வாங்கவேணும் எண்டு சிலபேர் நினைக்கினம், அப்பிடி இல்லை. உறைபனி எவ்வளவு கொட்டினாலும் மசல்பரோ அசையாது. பிரான்ஸில லியோனுக்குத் தெற்கால சொலேஸ் எண்ட ஊர்ப் பேரில ப்ளூ டி சொலேஸ் எண்டு ஒரு ரகம், 19ஆம் நூற்றாண்டுச் சாமான், குளிர் பிடிக்க அதின்ர இலை நீலமாகி ஊதா அடிக்கும், வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு, பூக்கண்டுக்குப் பதிலா முன்வளவில நடலாம். மற்றது நோர்மண்டிப் பக்கத்து கரன்டன், அதுவும் கட்டையும் மொத்தமுமான பழைய ரகம், ஐப்பசி கார்த்திகையில பிடுங்க நல்லம். எனக்குக் கேட்டா முதல் தரம் போடுற ஆக்கள் மசல்பரோவோட நிண்டுகொள்ளுங்கோ, இலைக்கும் குளிருக்கும் அது காணும்.

பழைய லீக்ஸ் எண்டா இந்த நாட்டு வடகிழக்குப் பக்கத்துக் கதையும் ஒருக்காச் சொல்லவேணும். நோர்தம்பர்லண்ட், டர்ஹம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ‘பொட் லீக்’ எண்டு ஒரு இனத்தைப் போட்டிக்கு எண்டே வளர்த்தவை. அதில வெள்ளைத் தண்டு 6 அங்குலத்துக்கு மேல போகக்கூடாது, மொத்தம்தான் கணக்கு. பப்பிலயும் வேலையாட்களின்ர கிளப்பிலயும் வருசா வருசம் போட்டி, பரிசு எண்டு காசும் வீட்டுச் சாமானும் குடுப்பினம், போட்டிக்கு முதல் ராத்திரி ஒருத்தற்ர லீக்ஸை இன்னொருத்தர் களவாப் போய்க் கத்தியால கீறிவிட்ட சம்பவமெல்லாம் பேப்பரில வந்திருக்கு, அதால இரவில தோட்டத்துக்குள்ளயே காவல் படுத்தவையும் உண்டு. சுரங்கம் மூடிப் போச்சு, லீக்ஸ் போட்டி இன்னும் நடக்குது. அவை விதை போடுறதில்லை, பூத்தலையில பூவை மழிச்சுவிட்டா அந்த இடத்தில குட்டிக் குட்டியா முளை வரும், ‘கிராஸ்’, அதாவது புல்லு, எண்டு சொல்லுவினம், அதைப் பிரிச்சு நடுறது. தாய் எப்பிடியோ பிள்ளையும் அச்சொட்டா அப்பிடியே வரும். தங்கட இனத்தை அந்தக் குடும்பங்கள் தலைமுறையாக் கைவிடாமல் வச்சிருக்கிறதுக்கு இதுதான் வழி. இதைப் பிறகும் ஒருக்காச் சொல்லுவன்.

வளர்க்கிற முறையில கட்டுரை கனக்க சரியாச் சொல்லியிருக்கு, விட்டதை மட்டும் சொல்லுறன். லீக்ஸ் விதை 7 பாகைக்குக் கீழ முளைக்காது, அதால மாசிக் கடைசியில ட்றேயில போட்டு யன்னல் கரையில வைக்கலாம், வெளியில போடுறதெண்டா பங்குனி நடுவுக்குப் பிறகு. முளைக்க ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும், அதுக்குள்ள விதை செத்துப்போச்சு எண்டு கிண்டிப் பாக்காதேங்கோ. முளைச்சு வரேக்க புல்லு மாதிரித்தான் இருக்கும், களையெண்டு பிடுங்கி எறிஞ்ச ஆக்களையும் எனக்குத் தெரியும். பென்சில் மொத்தம், ஒரு சாண் உயரம் வர, அதாவது ஆனியில, இடம் மாத்தி நடவேணும்.

நடுகைதான் லீக்ஸில கை வைக்கவேண்டிய இடம். யாழ்ப்பாணத்தில வெங்காயம் நட்ட கைக்கு இது தலைகீழா இருக்கும். வெங்காயத்தை மேல்மண்ணில குந்தவைக்கிறது, குமிழ் வெளிய தெரிய. லீக்ஸுக்கு ஒரு மொத்தத் தடியால 6 அங்குல ஆழத்துக்கு நேர் ஓட்டை போட்டு, அதுக்குள்ள கண்டை வேரோட இறக்கிப்போட்டு மண் போட்டு மூடாமல் விடவேணும். மூடாமல் எண்டு ரெண்டு தரம் சொல்லுறன். ஓட்டை நிறையத் தண்ணி மட்டும் விடுங்கோ, அந்தத் தண்ணி வேரடிக்குக் கொஞ்ச மண்ணைக் கொண்டுபோய் இருத்தும், அது காணும், மிச்ச ஓட்டை மழையில மெல்ல மெல்ல நிரம்பும், அதுக்கிடையில தண்டு இருட்டுக்குள்ள நிண்டு வெளுத்து மொத்திக்கும். மூடினா கண்டு மண்ணுக்குள்ள நெருங்குப்பட்டு மொத்திக்க இடமில்லாமல் நிக்கும், மடிப்புக்குள்ள மண் போய் பிறகு கழுவுறதும் பெரிய சீவன் போற வேலை. கண்டுக்குக் கண்டு 6 அங்குலம், வரிசைக்கு வரிசை ஒரு அடி. வெள்ளைத் தண்டு பெரிசா வேண்டாம், இலைதான் வேணும் எண்டா இன்னும் மேலோட்டமாயும் நடலாம், ஒருத்தரும் வந்து அளக்கப் போறதில்லை.

பூச்சியைப் பற்றி கட்டுரையில ஒரு சொல்லும் இல்லை, அது பெரிய குறை. தெற்கு இங்கிலாந்தில இருக்கிற நாங்கள் லீக்ஸ் போட்டா நெற், அதாவது மேல மூடுற பூச்சி வலை, இல்லாமல் தப்பேலாது. ரெண்டு எதிரி. ஒண்டு லீக் அந்து, அதின்ர புழு இலைக்குள்ள வெள்ளை வெள்ளையாத் தின்னும், பிறகு நடுக் குருத்துக்குள்ள இறங்கும். மற்றது அல்லியம் லீஃப் மைனர் எண்ட ஒரு சின்ன ஈ, 2002 இலதான் இந்த நாட்டில முதல் முதல் கண்டவை, இப்ப கன இடத்தில பரவியிட்டுது. இலையில நேர் கோடா வெள்ளைப் புள்ளி வரிசை கண்டா அது இலையில குத்திச் சாறு குடிச்ச அடையாளம். பங்குனி சித்திரையில ஒருக்கா, பிறகு ஐப்பசி கார்த்திகையில ஒருக்கா வரும். இதுக்கு வீட்டுக்காரர் அடிக்கிற மாதிரி ஒழுங்கான மருந்து இல்லை, சின்னக் கண்ணுள்ள நெற்றை நட்ட நாளே போட்டு ஓரத்தை மண்ணுக்குள்ள தாட்டுவிடுங்கோ. வெங்காயம், உள்ளி நிண்ட அதே பாத்தியில அந்த வருசமே லீக்ஸ் நடவும் வேண்டாம், கூட்டுப்புழு மண்ணுக்குள்ள இருக்கும், நெற் போட்டாலும் உள்ளுக்க இருந்து கிளம்பும். துரு நோய் எண்டு இலையில செம்மஞ்சள் பொட்டுப் பொட்டா வாறதுக்குப் பயப்பிடத் தேவையில்லை, குளிர் வரப் புது இலை சுத்தமா வரும்.

சரி, விதை. இதுக்குத்தான் இவ்வளவும் எழுதினது.

லீக்ஸ் ரெண்டு வருசப் பயிர். முதல் வருசம் இலை, ஒரு குளிர்காலம் முழுக்க வெளியில நிண்டு குளிரைக் குடிச்சாத்தான் ரெண்டாம் வருசம் பூ. யாழ்ப்பாணத்து வெக்கையில லீக்ஸைப் பூக்கவைக்கிறது நடக்காத காரியம், நுவரெலியாவிலயே கரட், லீக்ஸ், பீட்ரூட் விதையள் பெரும்பாலும் வெளிநாட்டில இருந்துதான் வருது. இஞ்ச அந்தக் குளிர் எங்களுக்கு வேண்டிய அளவு இருக்கு, கிடைச்சதை ஏன் விடுவான்? சித்திரை வைகாசியில நடுவில இருந்து ஒரு உருண்டைத் தண்டு எழும்பும், ஆள் உயரத்துக்குக் கிட்டப் போகும், ஆனி ஆடியில உச்சியில வெள்ளையும் ஊதாவுமா ஒரு பெரிய பூ உருண்டை, நூற்றுக்கணக்கான சின்னப் பூ சேந்தது. தேனீ சும்மா விடாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி இதென்ன பூ, எங்க வாங்கினது எண்டு வேலிக்கு மேலால கேப்பா.

இதில ஒரு உருண்டை விட்டா ஆயிரக்கணக்கில விதை வரும் எண்டு கட்டுரை சொல்லுறது சரிதான். எண்ணிக்கை வரும். சிக்கல் என்னெண்டா லீக்ஸ் தன்ர பூவுக்குத் தன்ர மகரந்தத்தில நல்ல விதை வைக்கிற சாதி இல்லை, தேனீ வேற வேற செடியில இருந்து கொண்டுவந்து கலந்தாத்தான் பரம்பரை உறுதியா இருக்கும். ஒண்டு ரெண்டு செடியை மட்டும் விட்டு விதை எடுக்கிறது சொந்தத்துக்குள்ளயே திரும்பத் திரும்பக் கலியாணம் செய்து வைக்கிற மாதிரி, முதல் தலைமுறையில ஒண்டும் பெரிசாத் தெரியாது, ரெண்டாம் மூண்டாம் தரம் போட, கண்டு நூல் மாதிரி வரும், குளிருக்குச் சாகும், அப்ப சனம் என்ன சொல்லும், பழைய விதை எண்டா இப்பிடித்தான், எஃப்1 தான் நல்லம் எண்டு சொல்லும். பழி விதையில விழும், பிழை எண்ணிக்கையில. லீக்ஸ் விதை எடுக்கிறதெண்டா குறைஞ்சது 20 செடி ஒண்டாப் பூக்கவேணும், ஏலுமெண்டா 30. தக்காளியில ஒரு பழத்தைப் பிதுக்கி விதை எடுத்து வச்சா காணும், பயத்தங்காயிலயும் அப்பிடித்தான், அந்தப் பழக்கத்தை லீக்ஸுக்குக் கொண்டு வரேலாது. கட்டுரை சொன்ன எஃப்1 இல இருந்து எடுத்தா இன்னும் மோசம், ரெண்டு வேற தாய் தேப்பனைச் சேத்து ஒரு தலைமுறைக்கு எண்டு செய்தது அது, பிள்ளை என்ன குணத்தில வரும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது.

இதோட தெரிவு எண்டு ஒரு விஷயம் இருக்கு. சில லீக்ஸ் அவசரப்பட்டு முதல் வருசமே தண்டு விட்டுப் பூக்கப் பாக்கும், அதை ஆசைப்பட்டு விதைக்கு விட்டா அவசரக் குணம்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும், உடன பிடுங்கிச் சமைச்சுப்போடுங்கோ. மற்றது எங்கட சனத்தின்ர வழக்கம், நல்லதெல்லாம் பொறுக்கிச் சாப்பிட்டுப்போட்டுக் கடைசியில நிக்கிற நோஞ்சானை விதைக்கு விடுறது. மறுபக்கமா இருக்கவேணும். தை மாசக் கடும் குளிரிலயும் நிமிர்ந்து, இலை அகலமா, துரு குறைவா நிக்கிறது எது எண்டு பாத்து அதுக்கு ஒரு நிறத் துணி கட்டி வைக்கவேணும், வீட்டில சமைக்கிற ஆளுக்கும் அதைச் சொல்லி வைக்கவேணும்.

வெங்காயத்தோட கலக்குமோ எண்டு சிலபேர் கேக்கினம். கலக்காது, அது வேற இனம். வேற லீக்ஸ் ரகம் ஏதும் ஒரு மைலுக்குள்ள பூத்தா கலக்கும், ஆனா இஞ்ச பெரும்பாலான ஆக்கள் பூக்க முதல் பிடுங்கிச் சாப்பிட்டிடுவினம், அதால அக்கம் பக்கத்தை ஒருக்காச் சுத்திப் பாத்தாக் காணும்.

விதை முத்துறது புரட்டாதி ஐப்பசியில, லண்டன் மழை தொடங்குற நேரம், அதுதான் அடுத்த தலையிடி. உருண்டை காய்ஞ்சு சின்ன உறையள் வெடிச்சு உள்ள கறுப்பு விதை தெரியத் தொடங்கின உடன ஒரு அடித் தண்டோட வெட்டி, கடதாசிப் பையுக்குள்ள தலைகீழாப் போட்டு, காத்தோட்டமான அறையில தூக்கிவிடுங்கோ. பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். நல்லாக் காய்ஞ்சாப் பிறகு கையால கசக்கிச் சுளகில புடைச்சா உமி போயிடும். சுளகு இல்லாத வீடு எண்டா ஒரு ட்றேயில போட்டு ஊதுங்கோ. லீக்ஸ் விதைக்கு ஆயுள் குறைவு, ரெண்டு மூண்டு வருசத்துக்கு மேல நம்பேலாது. அதால வச்சுக்கொண்டு பெருமைப்பட ஒண்டும் இல்லை, போடவேணும், குடுக்கவேணும்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. 20 லீக்ஸை ஒரு வருசம் சாப்பிடாமல் விட்டு, ரெண்டாம் வருசம் ஐப்பசி வரைக்கும் அந்த இடத்தையும் குடுத்து வைக்கிறதுக்கு எத்தினை வீட்டில இடம் இருக்கு? டெரஸ் வீட்டுப் பின்வளவில அது முழுப் பாத்தி. அலொட்மென்ட், அதாவது கவுன்சில் வாடகைக்குக் குடுக்கிற தோட்டத் துண்டு, இருக்கிற ஆக்களுக்கு ஏலும், பழைய கணக்கில ஒரு முழு அலொட்மென்ட் 10 றொட், 250 சதுர மீற்றருக்குக் கிட்ட, ஆனா இப்ப கவுன்சில் அரைவாசி, கால்வாசியாப் பிரிச்சுத்தான் குடுக்குது, அதுக்கே வருசக்கணக்கில காத்திருப்பு. அதாலதான் சொல்லுறன், லீக்ஸை ஒரு வீடு வளர்க்கலாம், லீக்ஸ் விதையை ஒரு வீடு தனியக் காப்பாத்தேலாது.

இந்த நாட்டில இதை விளங்கிக்கொண்டு செய்தவை இருக்கினம். லோரன்ஸ் ஹில்ஸ் எண்டவர் 1954 இல தொடங்கின சங்கம், இப்ப கார்டின் ஓர்கானிக் எண்டு கொவன்ட்ரிப் பக்கம் இருக்கு. ஒரு பட்டியலில பதியாத மரக்கறி ரகத்தின்ர விதையை விக்கக்கூடாது எண்டு 1970களில சட்டம் இறுகினாப் பிறகு கனக்கப் பழைய ரகம் கடையில இருந்து காணாமல் போச்சு, பதியிறதுக்குக் காசு கட்டி ஆர் செய்யிறது. அப்ப அவை கண்டுபிடிச்ச வழி, விக்காமல் விடுறது. ஹெரிட்டேஜ் சீட் லைப்ரரி எண்டு ஒண்டைத் தொடங்கி அங்கத்தவருக்குள்ள விதையைக் குடுத்தவை. சில விதையை அங்கத்தவரே தங்கட வளவில பெருக்கித் திருப்பி அனுப்பினம், விதைக் காவலர் எண்டு அவைக்குப் பேர். அதில சேந்த எங்கட ஆக்கள் எத்தினை பேர் எண்டு எனக்குத் தெரியாது, நான் கதைச்ச ஆக்களில ஒருத்தரும் இல்லை.

எங்களுக்குச் சங்கத்துக்குப் பஞ்சமா? பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், கோயில் சபை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒவ்வொரு ஊரிலயும் மூண்டு நாலு. ஒன்றுகூடலில சாப்பாட்டுக்குப் பிறகு ஆர் பேசினது எண்டு சண்டை பிடிக்கிற நேரத்தில ஒரு பத்து வீடு சேந்தா இந்த வேலை முடியும். பத்து வீடும் ஒரே ரகம், ஒரே விதைப் பக்கெற்றைப் பங்கிட்டு மாசியில போடுறது. அவரவர் வளர்த்து அவரவர் சாப்பிடுறது, ஒருத்தருக்கும் நட்டமில்லை. அடுத்த வருசம் பங்குனியில ஒவ்வொரு வீடும் தங்கட லீக்ஸில திறமான ரெண்டு மூண்டை வேரோட கிண்டி எடுத்து, அலொட்மென்ட் இருக்கிற ஒருத்தற்ர பாத்தியில கொண்டுபோய் ஒண்டா நடுறது. லீக்ஸ் அப்பிடி இடம் மாத்தி நட்டாச் சாகாது, நல்லாப் பிடிக்கும். பத்து வீட்டில இருந்து ரெண்டு மூண்டு எண்டா 20, 30 ஆச்சு. ஐப்பசியில விதையைப் பத்தாப் பிரிச்சா ஒவ்வொரு வீட்டுக்கும் போதும் போதும் எண்ட அளவு வரும், மிச்சத்தைத் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் குடுக்கலாம்.

இதில ஒரு ஆபத்து இருக்கு, மறைக்கக்கூடாது. வெள்ளை அழுகல் எண்டு வெங்காயக் குடும்பத்துக்கு ஒரு நோய், வேரடியில வெள்ளைப் பஞ்சு மாதிரி வந்து அதுக்குள்ள கறுப்புக் கடுகு மாதிரிப் பொட்டுகள், அது மண்ணுக்குள்ள 20 வருசம் வரைக்கும் சாகாமல் கிடக்கும். பழைய அலொட்மென்டுகளில கனக்க இருக்கு. ஒரு வளவில இருந்து வேரோடயும் மண்ணோடயும் இன்னொரு வளவுக்குச் செடி கொண்டுபோறது எண்டா அந்த நோயையும் கையோட கொண்டுபோறதாப் போயிடும். அதால விதைக்கு விடப்போற மூண்டு கண்டை முதலிலயே ஒரு ஆழமான பொட்டில, பையில வாற புதுக் கொம்போஸ்டில நட்டு வளருங்கோ. வளவு மண் படவே கூடாது. பொட்டில தண்டு கொஞ்சம் சிறுக்கும், விதைக்கு அது பிரச்சினை இல்லை. ஆற்றயும் வளவில வெங்காயமோ உள்ளியோ முந்தி வெள்ளைப் பூஞ்சணம் பிடிச்சுச் செத்தது எண்டா அவை வெக்கப்படாமல் சொல்லவேணும், அவையின்ர இடத்தில மாத்திரம் விதைப்பாத்தி போடாதேங்கோ.

பொட் லீக்காரர் மாதிரிக் ‘கிராஸ்’ எடுத்து நட்டா இந்த 20 செடிக் கரைச்சல் இல்லைத்தானே எண்டு ஒருத்தர் கேக்கலாம். சரி, செய்யலாம், ஒரு செடி காணும். ஆனா வாறது முழுக்க அந்த ஒரு செடியின்ர நகல், ஒரு நோய் வந்தா எல்லாத்தையும் ஒண்டாக் கொண்டுபோகும், தபாலில இன்னொருத்தருக்கு அனுப்பவும் விதை மாதிரி லேசில்லை. போட்டிக்கு அது சரி, ஊருக்குப் பங்கிட விதைதான் வேணும்.

இன்னொண்டு, இதை வாசிச்சிட்டு ஆராவது நல்ல மனசில விதையைக் கடித உறைக்குள்ள போட்டு நுவரெலியாவுக்கு அனுப்ப வெளிக்கிட வேண்டாம். தாவர சுகாதாரச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் விதை எல்லை தாண்டக்கூடாது, அங்க இருந்து இஞ்ச கொண்டு வாறதுக்கும் சட்டம் இருக்கு, ஊரால வரேக்க பயணப்பெட்டிக்குள்ள கத்தரி விதை சுத்திக்கொண்டு வாற ஆக்களுக்கும் சேத்துத்தான் சொல்லுறன். மேல சொன்ன அந்த ஈ மாதிரி ஒண்டு இல்லாத நாட்டுக்கு நாங்கள் ஒண்டைக் கொண்டுபோய் விட்டா, லீக்ஸை நம்பி வாழுற கந்தப்பளைச் சனத்துக்குப் பிறகு ஆர் பதில் சொல்லுறது. இஞ்ச எடுத்த விதை இஞ்சத்தைச் சனத்துக்கு.

ஆசிரியரிட்டைக் கேக்கிறது ரெண்டு விஷயம். அந்தக் கடைசிப் பந்திக்கு ஒரு திருத்தம் போடுங்கோ, எஃப்1 இல விதை எடுக்கேலாது, லீக்ஸுக்கு ஒரு செடி காணாது எண்டு ரெண்டு வரி காணும். மற்றது, வீட்டுத்தோட்டப் பக்கத்தின்ர ஒரு மூலையில விதை பங்கிடுற சங்கங்கள் தங்கட ஊரையும் நாளையும் அறிவிக்க இலவசமா ஒரு சின்ன இடம் விடுங்கோ, மரண அறிவித்தலுக்கும் காணி விளம்பரத்துக்கும் நடுவில ஒரு கட்டம் கிடைச்சாலும் பரவாயில்லை. மாசி முடிய முதல் போட்டாத்தான் இந்த வருசத்துக்கு உதவும், சித்திரையில போட்டா அடுத்த வருசத்துக்குத்தான்.

இப்படிக்கு,
அலொட்மென்ட் வச்சிருக்கிற ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்